உசாத்துணையில் என் பெயர்

என் பெயரை முதன்முதலாக அச்சில் பார்த்தது ஒரு கொமியூனிகேஷன் கடையில். பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில், ஒரு போட்டோ கொப்பி மெஷினும் நான்கு கம்ப்யூட்டர்களும் போட்டிருந்த சின்னக் கடை அது. இன்டர்நெட்டில் ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடலாம்.

அப்போது நான் உளவியலில் மேற்படிப்புக்குப் பதிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிள்ளை பெற்ற பிறகு தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் மனம் எப்படியிருக்கிறது என்பது என் ஆய்வு. ஆனால் நேராகத் தோட்டத்துக்குப் போய்விட முடியாது. அதே விஷயத்தைப் பற்றி முன்பு யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடி வாசித்து, எது நம்பக்கூடியது, எது இல்லை என்று எடைபோட்டு எழுத வேண்டும். அதற்கு இலக்கிய மீளாய்வு என்று பெயர். இதற்கும் கதை கவிதைக்கும் சம்பந்தமில்லை என்று மாநகரசபைக் கந்தோரில் கிளார்க்காக இருந்த என் அப்பாவுக்கு விளக்கவே ஒரு மாலைப்பொழுது போய்விட்டது.

அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கிழக்கு மாகாணத்து மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரை கிடைத்தது. எனக்குக் கட்டுரைகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து பார்க்கும் பழக்கம். ஆதாரமாகக் காட்டியவற்றை வரிசைப்படுத்தும் உசாத்துணைப் பட்டியலில் என்னிடம் இல்லாத கட்டுரை ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டு போனவள், ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அங்கே என் பெயர் இருந்தது. முதல் பட்டத்துக்கு நான் எழுதிய ஆய்வேட்டின் சுருக்கம் எங்கள் துறையின் ஆண்டு மலரில் வந்திருந்தது. அதை அந்த மாணவி எப்படியோ தேடிப் பிடித்து வாசித்து, தன் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டியிருந்தாள்.

அந்தக் கட்டுரையை முழுதாக இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று போதும் என்று தெரியும். ஆனாலும் இரண்டு எடுத்தேன்.

கண்டியில், கட்டுக்கலையில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா முன்னறையில் கதிரையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என் பெயரை விரலால் தொட்டு வாசித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தார். அம்மா ஒரு பிரதியை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். உள்ளறையில் அண்ணி குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணி ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அண்ணனைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு வந்து இரண்டு வருடம். குழந்தைக்கு அப்போது நாலு மாதம்.

"சரி, உங்க பேரு எதுக்கு வந்திருக்கு? நீங்க என்ன சொன்னீங்களாம்?" என்று கேட்டார் அண்ணி.

கட்டுரையின் நடுப்பக்கத்தைப் புரட்டி, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். தோட்டத்துப் பெண்கள் மனவருத்தத்தை மனவருத்தமாகச் சொல்வதில்லை, அதை உடல் வலியாகவே சொல்கிறார்கள். அந்த வாக்கியத்தின் முடிவில்தான் அடைப்புக்குறிக்குள் என் பெயர் இருந்தது.

அண்ணி தட்டுவதை நிறுத்தினார்.

"யாரு அப்படி சொன்னது?"

"நான்தான் அண்ணி. என்னோட ஆய்வேட்டுல எழுதியிருந்தேன்."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"ஆய்வுல எல்லாம் இருக்கு. நிறைய பேரு எழுதியிருக்காங்க."

"எங்கள்ல யாரையாச்சும் கேட்டாங்களா?" என்றவர், குழந்தை புரண்டதும் குரலைத் தணித்துக்கொண்டார். "இவன் பொறந்து பத்தாம் நாளு, நீங்க வந்து பக்கத்துல ஒக்காந்தீங்க. எனக்கு என்னமோ மனசே சரியில்ல, சும்மா சும்மா அழுகை வருதுன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் என்று நான் சொன்னதும் ஞாபகம் இருந்தது.

"நான் வலின்னா சொன்னேன்? மனசுன்னுதானே சொன்னேன்" என்றார் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மறுபடியும் குழந்தையைத் தட்டத் தொடங்கினார். என் கையில் இருந்த காகிதத்தை நான் மடித்து வைத்துக்கொண்டேன்.

என்னோடு மேற்படிப்புப் படித்தவர்களில் ஒருவர் கெலிஓயாவைச் சேர்ந்த ஆசிரியை. முஸ்லிம் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தவர், படிப்பு விடுமுறை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை டீச்சர் என்றும் அவர் என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டுக்கொள்வோம். மீளாய்வை ஒருத்தி தனியாகச் செய்யக்கூடாது என்பது எங்கள் மேற்பார்வையாளரின் விதி. ஒரே கட்டுரையை இரண்டு பேர் தனித்தனியே வாசிக்க வேண்டும். சேர்ப்பதா விடுவதா என்று தனித்தனியே குறிக்க வேண்டும். பிறகுதான் ஒப்பிட்டுப் பார்க்கலாம். டீச்சரின் ஆய்வு பாடசாலைப் பிள்ளைகளின் பயம் பற்றியது. அவருடைய கட்டுரைகளை நான் இரண்டாவதாக வாசித்தேன், என்னுடையதை அவர் வாசித்தார்.

சனிக்கிழமைகளில் கம்பளை பஸ்ஸில் ஏறி கெலிஓயாவில் இறங்குவேன். டீச்சருடைய வாப்பாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில், சாரங்களும் சீத்தைத் துணிகளும் அடுக்கிய அறையில் எங்களுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு முனை. வாசிக்கும்போது பேசக்கூடாது. அவருடைய உம்மா ஏலக்காய் போட்ட தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார். "பரீட்சை எழுதுற மாதிரி ஈக்குது" என்று கீழே போய்ச் சொல்வது எங்களுக்குக் கேட்கும்.

அந்த வாரம் நான் பிரதியைக் காட்டியதும் டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லாஹ்! தங்கச்சிட பேரு!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் அண்ணி கேட்டதைச் சொன்னேன். அவர் பிரதியை மேசையில் வைத்தார்.

"நியாயமான கேள்விதானே. நீங்க எங்கேந்து எடுத்தீங்க அத?"

என் பழைய ஆய்வேட்டைப் புரட்டினோம். நான் ஒரு கட்டுரையைக் காட்டியிருந்தேன்.

"அந்தக் கட்டுரைய முழுசா வாசிச்சீங்களா?"

"சுருக்கத்தை வாசிச்சேன்" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அந்தக் கட்டுரை எங்கள் பைலில் இருந்தது. முழுவதும் வாசித்தோம். அவர்கள் அந்தப் பெண்களிடம் கேட்டு அதை எழுதவில்லை, வேறொரு கட்டுரையைக் காட்டியிருந்தார்கள். அதை எடுத்தோம். அது இன்னொன்றைக் காட்டியது. அதற்கும் முன்னால் இன்னொன்று இருந்தது. மேசை போதாமல் தரையில் பாயை விரித்து, புதியதிலிருந்து பழையதுவரை வரிசையாக வைத்தோம். டீச்சர் ஒவ்வொன்றிலும் அந்த வாக்கியத்தின் கீழே பென்சிலால் கோடிட்டார்.

வரிசையாக வாசித்தபோதுதான் தெரிந்தது. கையில் இருந்தவற்றுள் மிகப் பழையதில், பெண்கள் பல உடல் வலிகளைச் சொன்னார்கள் என்று மட்டும் இருந்தது. அடுத்ததில், பெரும்பாலும் உடல் வலிகளையே சொன்னார்கள் என்று மாறியிருந்தது. அதற்கடுத்ததில் மனவருத்தம் என்ற சொல் உள்ளே வந்துவிட்டது. என் ஆய்வேட்டில் 'பெரும்பாலும்' இல்லை. கிழக்கு மாகாணத்து மாணவி என்னிடமிருந்து எடுத்ததில் அது தோட்டப் பெண்களின் குணமாகவே ஆகியிருந்தது. யாரும் பொய் எழுதவில்லை. ஒவ்வொருவரும் ஒரு சொல்லைத்தான் விட்டிருந்தார்கள், அல்லது ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார்கள். நான் விட்ட சொல்லும் அதில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழைய அறிக்கை இருந்தது. தோட்டச் சுகாதாரம் பற்றி ஒரு வைத்தியர் எழுதியது. எங்கள் நூலகத்தில் அது இல்லை.

மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து பல வருடமாகிவிட்ட பேராசிரியை. "அது ஒருத்தரிட்டையும் இல்லை. நான் ஒருநாளும் கண்ணால கண்டதில்லை. எல்லாரும் அதைத்தான் காட்டுறவை" என்றார். மற்ற கட்டுரைகளை வைத்துக்கொண்டு மேலே எழுதும்படி சொன்னார். அவர் சொன்னது தவறில்லை, எனக்கு நாள் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வீட்டில் அண்ணியின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது.

பல கந்தோர்களுக்குக் கடிதம் எழுதினேன். சிலர் பதில் போட்டார்கள், இல்லை என்று. கடைசியில் கண்டியிலேயே, சுகாதாரப் பயிற்சி கொடுக்கும் ஒரு பழைய கட்டடத்தில் சின்ன நூலகம் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். டீச்சரும் நானும் போனோம். நூலகப் பொறுப்பாளர் ஓய்வுபெறும் வயதில் இருந்த சிங்களவர். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் அறிக்கையின் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதை இதுவரைக்கும் யாரும் கேட்டு வந்ததில்லை மிஸ்" என்றார். பிறகு எழுந்துபோய் ஓர் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து கட்டுக்கட்டாகப் பழைய பதிவேடுகளை இறக்கினார். தூசியில் மூவரும் தும்மினோம். நாலாவது கட்டின் நடுவில் அது இருந்தது. தட்டச்சுப் பிரதி, மூலைகளைப் பூச்சி அரித்திருந்தது.

வெளியே கொண்டுபோகக் கூடாது. போட்டோ கொப்பி எடுத்தால் தாள் உடைந்துவிடும் என்று அவர் பயந்தார். ஆகவே அங்கேயே உட்கார்ந்தோம். பழக்கதோஷத்தில் ஆளுக்கொரு முனை. ஒரே பிரதி என்பதால் முதலில் டீச்சர் வாசித்து ஒவ்வொரு தாளாக என் பக்கம் நகர்த்தினார். ஓர் இடத்தில் தாள் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர்?"

விதியை மீறாமல் பேசாமலே தாளை நகர்த்தினார்.

எப்படித் தகவல் சேர்த்தேன் என்று அந்த வைத்தியர் விளக்கமாக எழுதியிருந்தார். ஒரே ஒரு தோட்டம். கையில் ஒரு பட்டியல்: தலைவலி, இடுப்புவலி, கைகால் உளைச்சல், மூச்சு வாங்குதல் என்று. ஒவ்வொன்றாகக் கேட்டு, இருக்கிறதா இல்லையா என்று குறித்திருக்கிறார்கள். கேட்ட இடம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவம். கூடைகளோடு வரிசையில் நின்ற பெண்களிடம் கேட்டிருக்கிறார்கள், வேலை வாங்கும் கங்காணி பக்கத்தில் நிற்க. வைத்தியருக்குத் தமிழ் தெரியாததால் நடுவில் ஒருவர் மொழிபெயர்த்திருக்கிறார். மனதைப் பற்றிய கேள்வியே பட்டியலில் இல்லை. அதையும் அவர் மறைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில், இந்தப் பெண்களின் மனநிலை பற்றித் தாம் எதுவும் கேட்கவில்லை என்றும், தனிமையில் அவர்களுடைய மொழியில் யாராவது கேட்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

"பாவம் இந்த மனுஷன்" என்றார் டீச்சர். "அவர் சொல்லவே இல்லாதத எல்லாரும் அவர் தலையில கட்டிட்டாங்க."

"எங்கம்மா ஹந்தானைத் தோட்டத்து லயத்துல பொறந்தவங்க டீச்சர்" என்றேன். "மனசு சரியில்ல, மனசு சரியில்லன்னு எத்தனை தடவ சொல்லியிருக்காங்க. அத எழுதுற நேரம் எனக்கு அம்மா ஞாபகமே வரல்ல. புத்தகத்துல இருக்குன்னு எழுதிட்டேன்."

டீச்சர் கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து, அந்த இரண்டு பக்கங்களையும் எழுத்துக்கு எழுத்து எழுதத் தொடங்கினார். அவர் எழுதி முடித்ததும் நான் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நூலகப் பொறுப்பாளர் அறிக்கையைப் புதுக் கடதாசியில் சுற்றி, இந்த முறை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேகம் வந்தது. அந்த வாக்கியத்தைச் சொன்ன கட்டுரைகளையெல்லாம் மீளாய்விலிருந்து தூக்கிவிட வேண்டும் என்று நின்றேன். அடுத்த சனிக்கிழமை நான் வரிசையாக 'விடு' என்று குறித்ததை டீச்சர் பார்த்தார். அவருடைய தாளில் அவற்றில் இரண்டுக்கு 'சேர்' என்று இருந்தது.

"இந்த ரெண்டு பேரும் பிழையான வாக்கியத்த முன்னுரையில எழுதியிருக்காங்க, சரி. ஆனா இவங்க தமிழ் தெரிஞ்ச ஆக்கள வச்சி, வீட்டுக்குப் போய் கேட்டீக்கிறாங்க. ஆய்வு நல்ல ஆய்வு. அத எப்படி விடுறது?"

"முன்னுரையே பிழைன்னா மிச்சத்த எப்படி நம்புறது?"

"அப்ப உங்கட ஆய்வேட்டையும் தூக்கிப் போடுவமா?"

எனக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்ற, நான் 'சேர்' என்று குறித்திருந்த வேறொரு கட்டுரையைக் காட்டினேன். தோட்டத்துத் தாய்மாரின் மனவேதனையைப் பற்றி உருக்கமாக எழுதப்பட்டது. அண்ணி பேசுவதைப் போலவே இருந்தது. டீச்சர் அதற்கு 'விடு' என்று போட்டிருந்தார்.

"இவர் யாரையும் கேக்கல்ல தங்கச்சி. போற வழியில கண்டத எழுதியீக்கிறார். அவர் சொல்றது நமக்குப் பிடிச்சீக்குது, அவ்வளவுதான்."

நான் பைலை எடுத்துக்கொண்டு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் இறங்கிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, இவருக்குத் தோட்டத்து லயத்து வீடுகளைப் பற்றி என்ன தெரியும் என்று மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். அடுத்த சனிக்கிழமை போகவில்லை.

போகாத அந்தச் சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து ஒரு வேலை செய்தேன். சர்ச்சைக்குரிய கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் முன்னுரையையும் முடிவுரையையும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்தேன். யாரைக் கேட்டார்கள், எங்கே கேட்டார்கள், எந்த மொழியில், என்ன கேள்வி கேட்டார்கள் என்ற பகுதியை மட்டும் வாசித்தேன். அவர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் என்று தெரியாததுபோல நினைத்துக்கொள்வது லேசில்லை. ஆனாலும் மதியத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. டீச்சர் சேர்த்த இரண்டும் நல்ல வேலை. எனக்குப் பிடித்த கட்டுரையில் தாள் ஒட்டி மறைத்த பிறகு வாசிப்பதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை மழையோடு மழையாகக் கெலிஓயாவுக்குப் போனேன். படியேறியதும் தாள் ஒட்டிய கட்டுரைகளை மேசையில் வைத்தேன். டீச்சர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இது நல்ல வேலை. என்ட கட்டுரைகளுக்கும் இப்படி ஒட்டுவம்" என்றார். பிறகு, "அன்றைக்கு உங்கட ஆய்வேட்டப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"சொன்னது சரிதானே டீச்சர்."

"சரிதான். ஆனா சொன்ன விதம் சரியில்ல."

உம்மா தேத்தண்ணியோடு வந்து, போன தரம் மிச்சம் வைத்துப் போனதற்கும் சேர்த்து இரண்டு கோப்பை குடிக்க வைத்தார்.

பேராசிரியையிடம் சொல்லத்தான் எனக்குப் பயமாக இருந்தது. காரணம், அந்த வாக்கியத்தை நான் முதன்முதலாகக் கேட்டதே அவருடைய விரிவுரையில்தான். டீச்சர் கையெழுத்தில் இருந்த இரண்டு பக்கங்களையும் அவர் மேசையில் வைத்துவிட்டு நின்றேன். உட்காரச் சொன்னார். வாசித்தார். மறுபடியும் தொடக்கத்திலிருந்து வாசித்தார். ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள்.

"ஓம்" என்றார் கடைசியில். "நானும் வாசிக்கேல்லை. எனக்குப் படிப்பிச்சவையும் வாசிச்சிருக்கமாட்டினம்."

மேசை லாச்சியிலிருந்து விரிவுரைக் குறிப்புகளை எடுத்து, அந்த வரி இருந்த பக்கத்தைக் கண்டுபிடித்துச் சிவப்புப் பேனையால் வெட்டினார். பக்கத்தில் ஏதோ சின்ன எழுத்தில் எழுதினார்.

"எத்தினை வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறன் எண்டு யோசிச்சுப் பாரும்" என்றவர், பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தச் சங்கிலியிலை உம்மடை பேரும் இருக்குதல்லோ. அதையும் எழுதுவீரோ?"

"எழுதுறேன் மிஸ்."

"என்ரை விரிவுரையையும் எழுதும். ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை."

அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாணவர்கள் முன்னால் ஒருநாளும் தடுமாறாதவர். அடுத்த விரிவுரையில் முதல் வேலையாக அவர் அந்தத் திருத்தத்தைச் சொன்னார் என்று பிறகு டீச்சர் மூலம் கேள்விப்பட்டேன்.

மிச்சமிருந்தது கிழக்கு மாகாணத்து மாணவி. அவளுடைய கட்டுரையின் முதல் பக்கத்தில் ஈமெயில் முகவரி இருந்தது. மூன்று தரம் எழுதி அழித்தேன். நீங்கள் என்னை நம்பி எடுத்த வாக்கியம் பிழை, அந்தப் பிழை என்னுடையது என்று தொடங்கி, கையெழுத்துப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு வந்தது. முதலில் தனக்குப் பயம் வந்துவிட்டது என்றும், பட்டத்துக்கு ஏதும் பிரச்சினை வருமோ என்று அழுததாகவும் எழுதியிருந்தாள். அவளுடைய விரிவுரையாளர்தான், இது திருத்தக்கூடிய பிழை, திருத்தினால் போதும் என்று தைரியம் சொன்னாராம். கட்டுரை வெளிவந்த இதழுக்குத் திருத்தம் அனுப்பியிருந்தாள். கடிதத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: "அக்கா, உண்மையைச் சொன்னால் நானும் உங்கட சுருக்கத்தை மட்டும்தான் வாசித்தேன்." அந்தக் கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்து நான் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டுக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மீளாய்வை எழுதி முடித்தபோது அதில் ஒரு முழுப் பகுதி அந்த வாக்கியம் நடந்துவந்த வழியைப் பற்றியது. என் ஆய்வேடும் அதில் இருந்தது. பரீட்சகர்களில் ஒருவர், மாணவி தன்னையே குறைசொல்லி எழுதுவது வழக்கமில்லை என்று ஆட்சேபித்தார். மற்றவர் அந்தப் பகுதியை அப்படியே வைக்கச் சொன்னார். வைத்தோம்.

அண்ணிக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். குழந்தை அப்போது தவழ்ந்து காகிதங்களை இழுக்கத் தொடங்கியிருந்தான். அண்ணி முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, இவ்வளவும் யாரு என்ன பிழையா எழுதுனாங்கன்னுதானே. இப்ப நீங்க என்ன கேக்கப் போறீங்க?" என்றார்.

கேள்விப் பத்திரத்தைக் காட்டினேன். அதில் 'மனச்சோர்வு' என்று எழுதியிருந்தேன்.

"இது யாருக்கு வெளங்கும்? ரேடியோவுல பேசுற மாதிரி இருக்கு. மனசு பாரமா இருக்கான்னு கேளுங்க. ஒன்னுமே புடிக்காம இருக்கான்னு கேளுங்க. சும்மா சும்மா அழுகை வருதான்னு கேளுங்க." கேள்வி கேள்வியாக மாற்றிக்கொண்டே போனார். நான் எழுதிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் நிறுத்தி, "கேக்குறதுக்கு முந்தி மாமியாரை வெளிய அனுப்புங்க" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். அந்தத் திருத்தங்களைப் பார்த்துப் பேராசிரியை ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

ஹந்தானைக்கு நாங்கள் முதன்முதலாகக் கேட்கப் போன நாளன்று டீச்சரும் வந்தார். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், பின்பக்கத்து அறையை எங்களுக்குத் தந்திருந்தார்கள். கங்காணிமார் வராத இடம். கதவைச் சாத்திக்கொள்ளலாம். விருப்பமில்லாவிட்டால் பேச வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் முதலில் சொன்னோம்.

முதலில் வந்த பெண் கைக்குழந்தையோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். உடம்பு எப்படி என்று கேட்டேன். "இடுப்பு வலிதான், வேற என்ன. மலை ஏறி எறங்குறோம்ல" என்றார். எழுதிக்கொண்டேன். பிறகு அண்ணியின் சொற்களில், மனசு பாரமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குழந்தையை டீச்சரிடம் நீட்டி, "கொஞ்சம் புடிங்க" என்றார். டீச்சர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இத யாரும் எங்கிட்ட கேட்டதில்ல" என்று தொடங்கினார் அந்தப் பெண். அரைமணி நேரத்துக்கு மேல் பேசினார். என்ன பேசினார் என்பதை இங்கே எழுதமாட்டேன், அது அவர் எங்களை நம்பிச் சொன்னது. போகும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த முறை தன் தங்கச்சியையும் கூட்டிவரட்டுமா என்று கேட்டார். தோட்டத்துக்கு வரும் குடும்பநல மருத்துவமாதிடம் பேசலாம், நாங்களும் சொல்லிவைக்கிறோம் என்றோம். அவர் தலையாட்டினார். பிறகு உண்மையாகவே போய்ப் பேசினார் என்று மருத்துவமாது எங்களிடம் சொன்னார்.

இரண்டாவதாக வந்தவர் சிரித்த முகத்தோடு வந்தார். மனசுக்கு ஒன்றுமில்லை, முழங்கால் வலிதான் உயிரை எடுக்கிறது, அதற்கு ஏதாவது மருந்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். எத்தனை விதமாகக் கேட்டாலும் முழங்கால்தான். நான் சற்று ஏமாந்து டீச்சரைப் பார்த்தேன். அவர் கண்ணால் என் கொப்பியைக் காட்டினார். முழங்கால் வலி, மனதுக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்னபடியே எழுதினேன்.

மத்தியானம் தாண்டி மலையிலிருந்து நடந்தே இறங்கினோம். மேகம் விலகி, கீழே நகரமும் வாவியும் தெளிவாகத் தெரிந்தன. டீச்சரின் தோளில் குழந்தை வாந்தியெடுத்த கறை காய்ந்திருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"நாம எழுதப்போறதையும் யாராவது ஒரு நாளைக்கு சுருக்கத்த மட்டும் வாசிச்சுட்டு எடுத்துப் போடுவாங்க" என்றார்.

"போடுவாங்க."

"அப்ப என்ன செய்றது?"

"யாரை, எங்க, எப்படிக் கேட்டோம்னு சுருக்கத்துலயே முதல் வரியா எழுதிடுவோம் டீச்சர். முழங்கால் வலிக்காரவங்களையும் சேர்த்து."

"முதல் வரி கொஞ்சம் நீளமாப் போகும்" என்று சிரித்தார் அவர். வளைவில் பஸ் வரும் சத்தம் கேட்டது. ஓடினால் பிடித்துவிடலாம் என்று இருவரும் ஓடினோம்.